விருந்து வான்கோழி: தெரிவும் பக்குவமும்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையன்று கொண்டாடப்படும் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலல் நாளில், ஆண்டு முழுவதும் கோழித் துண்டுகளுக்கு மேல் எதையும் சமைத்துப் பழகாத குடும்பங்கள்கூட, முழு வான்கோழி ஒன்றைச் சுட்டு உறவினருக்குப் பரிமாற முற்படுகின்றன. உலர்ந்துபோன நெஞ்சுக்கறி, வேகாத தொடை மூட்டு, பகல் இரண்டு மணிக்கு அழைத்துவிட்டு மாலை ஆறு மணிக்குச் சோறு போடும் தாமதம் என இறைச்சிக் கடைத் தொழிலில் இருப்போர் அந்த வாரத்தில் கேட்கும் குறைகளில் பெரும்பாலானவை சமையலறையில் தொடங்குவதில்லை; வாடிக்கையாளர் கடையில் பறவையின் எடையைச் சொல்லும்போதே தொடங்கிவிடுகின்றன. பெரிய பறவை வைத்தால்தான் விருந்து என்ற எண்ணம் அந்நாட்டில் ஊறிப்போயிருப்பதால், பத்துப் பேர் உண்ணும் விருந்துக்கு 22 பவுண்டுப் பறவையைக் கேட்பவரைச் சிறியதொன்றுக்கு இணங்கச் செய்வதே விற்பனையாளரின் முதல் வேலையாகிறது.

இவ்வழக்கத்தை 1621-இல் மாசச்சூசெட்ஸின் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த அறுவடை விருந்தோடு இணைத்துப் பேசுவது மரபு. ஆயினும் அவ்விருந்தைக் குறித்து எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகளும் வாம்பனோவாக் பழங்குடி மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் இடம்பெறுகின்றனவேயன்றி, வான்கோழி பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. மேசையின் தலைமாட்டில் சுட்ட வான்கோழியை அமர்த்தியதில் பெரும்பங்கு சாரா ஜோசஃபா ஹேல் என்னும் எழுத்தாளருடையது. 1827-இல் வெளிவந்த ‘நார்த்வுட்’ நாவலில் அத்தகைய விருந்தை விரிவாக வருணித்த அவர், அந்நாளை நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக்க வேண்டுமெனப் பல ஆண்டுகள் வாதாடினார். ஆபிரகாம் லிங்கன் 1863-இல் வெளியிட்ட பிரகடனமும், நான்காம் வியாழக்கிழமை என்று நாளை உறுதிசெய்த 1941-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்தவை. இவற்றுக்கெல்லாம் அடியில் பண்ணைக் கணக்கொன்றும் இருந்தது: வசந்தத்தில் பொரித்த குஞ்சு நவம்பரில் முழு எடையை எட்டிவிடும், பசுவைப்போல் பாலுக்கோ பெட்டைக்கோழியைப்போல் முட்டைக்கோ அதை வைத்திருக்க வேண்டிய தேவை உழவருக்கு இல்லை, ஒன்றை அறுத்தால் ஒரு குடும்பமே உண்ணும்.

இன்று கடைகளில் விற்கப்படுவது ஏறத்தாழ முழுவதும் ‘பிராட் பிரெஸ்டட் ஒயிட்’ என்னும் அகன்ற நெஞ்சுடைய வெள்ளை இனமாகும். அதற்கு முன் செல்வாக்குடன் இருந்த வெண்கல நிற இனங்களின் இறகை உரித்தபின், தோலுக்குள் தங்கிவிடும் முளையிறகுகள் மைத்துளி சிந்தியதுபோல் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. வெள்ளை இறகு விடும் தடம் கண்ணில் படாது என்பதே அவ்வினம் சந்தையைப் பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணமாகும். நெஞ்சுக்கறி வேண்டுமென்று பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததன் விளைவாக, இவ்வினத்துச் சேவல் இயற்கையாகப் பெட்டையோடு இணைய இயலாத அளவுக்குப் பருத்துவிட்டதால், இனப்பெருக்கம் செயற்கை முறையிலேயே நடைபெறுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வுப் பண்ணையில் 1930-களில் தொடங்கி, சிறிய குடும்பத்துக்கும் சிறிய அடுப்புக்கும் ஏற்ற ‘பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட்’ என்னும் சிற்றினத்தை உருவாக்கியது என்பதையும், சில காலம் நன்கு விற்ற அவ்வினத்தைப் பெரிய இனம் பின்னர் ஒதுக்கித் தள்ளிவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டு அடுப்புக்குப் பொருந்தும் பறவை எது என்னும் கேள்விக்கு அரசு ஆய்வாளர்கள் அன்றே சரியான விடை கண்டிருந்தார்கள். சந்தைதான் அதைக் கைவிட்டது.

நாரகன்செட், போர்பன் ரெட், ஸ்லேட் முதலான பாரம்பரிய இனங்கள், அதாவது தாமாகவே இணைந்து பெருகக்கூடியனவும் மெதுவாக வளர்வனவுமாகிய பழைய இனங்கள், இப்போதும் சிறு பண்ணைகளில் கிடைக்கின்றன. வணிக இனத்துப் பெட்டை மூன்று, மூன்றரை மாதத்தில் அறுப்புக்கு வந்துவிட, இவை ஆறேழு மாதம் எடுத்துக்கொள்வதால் விலை பன்மடங்காகிறது. கறி கெட்டியாகவும் சுவை ஆழமாகவும் இருக்கும். நெஞ்சு குறுகியும் கால்கள் நீண்டும் இருக்கும். நெஞ்சுக்கறியை மட்டும் விரும்பும் குடும்பம் இந்த விலையைக் கொடுத்துவிட்டு ஏமாற்றமடைவதைத் தொழிலில் இருப்போர் ஆண்டுதோறும் காண்கின்றனர். தொடைக்கறியை விரும்புவோருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பது நேர்மையான வணிகம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

உறைமேல் அச்சிட்ட சொற்களில் சில பொருளுடையவை, சில வெறும் அலங்காரம். ‘ஃப்ரெஷ்’ என்பது பறவையின் வெப்பநிலை ஒருபோதும் 26 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (சுமார் -3 செல்சியஸ்) கீழே இறங்கவில்லை என்பதைக் குறிக்கும் சட்டச் சொல். நீரின் உறைநிலைக்கும் சற்றுத் தாழ்வான அளவு இது என்பதால், ‘ஃப்ரெஷ்’ என்று வாங்கிய பறவையின் வயிற்றுக்குள் பனிச்சில்லு கிடப்பதைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சினப்பதற்கு இடமில்லை. ‘ஹார்மோன் செலுத்தப்படாதது’ என்பது எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தும் வெற்றுச்சொல். அந்நாட்டில் கோழியினங்களுக்கு ஹார்மோன் கொடுப்பதற்கே அனுமதியில்லை. ‘ஏ’ தரம் என்பது தோல் கிழியாமையையும் எலும்பு முறியாமையையும் சதைப்பிடிப்பையும் பார்த்து வழங்கப்படுவது. சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாங்குபவர் கட்டாயம் படித்தறிய வேண்டியது ‘பேஸ்டட்’ என்னும் சொல்லையும் அதன் அருகில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் விழுக்காட்டையுமே ஆகும். உப்பும் பிறவும் கலந்த நீரை ஊசி வழியே சதைக்குள் ஏற்றியிருப்பதை அது அறிவிக்கிறது. யூத மதவிதிப்படி அறுத்து உப்பிட்டுக் கழுவிய ‘கோஷர்’ பறவையிலும் உப்பு முன்பே ஏறியிருக்கும். இவ்விரண்டையும் வாங்கிவந்து வீட்டில் மேலும் உப்பிடுவோரின் குழம்புச்சாறு வாயில் வைக்க முடியாததாகிவிடும்.

எடைக் கணக்கு எளியது: தலைக்கு ஒரு பவுண்டு, மறுநாளைக்கும் மிஞ்ச வேண்டுமானால் ஒன்றரைப் பவுண்டு. பன்னிரண்டு பேருக்கு மேல் போகும் விருந்துக்குப் பெரிய சேவல் ஒன்றைவிட 11, 12 பவுண்டுப் பெட்டைகள் இரண்டை வாங்குவது எல்லா வகையிலும் மேலானது. அவை சீக்கிரம் இளகும், சீக்கிரம் வேகும், நான்கு கால்களும் நான்கு சிறகுகளும் கிடைக்கும். ஒன்று தீய்ந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். பெட்டைக்கறி மென்மையானது, சேவல்கறி முரடானது என்று கடைகளில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்தாலும், அறுக்கும் வயது குறைந்துவிட்ட இக்காலத்தில் வேறுபாடு அளவில்தான் இருக்கிறதேயன்றி மென்மையில் இல்லை.

உறையில்லாத பறவையைத் தேர்வோர் கை வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. நெஞ்செலும்பின் பின்முனையை விரலால் அழுத்தினால் இளம்பறவையில் அது குருத்தெலும்பாக வளையும். வளையாவிட்டால் பறவை முதிர்ந்தது. சிறகின் மூட்டில் கருநீலம் படர்ந்திருந்தால் பிடிக்கும்போதோ ஏற்றும்போதோ அடிபட்டிருக்கிறது. கழுத்துப்பக்கம் தொங்கும் தோல்மடலை விரித்து முகர்ந்தால் ஈரத்தின் வாடையன்றி வேறெதுவும் வரக்கூடாது. பண்ணையிலேயே அறுத்துத் தருவதாகச் சொல்லுமிடங்களில் புதன்கிழமை மாலை அறுத்ததை வியாழன் காலை சமைக்க வாங்குவது தவறு. அறுத்தபின் தசை விறைத்து மீண்டும் தளர்வதற்குக் குளிரில் ஒரு நாளாவது கிடக்க வேண்டும், இல்லையேல் எத்தனை நேரம் சுட்டாலும் கறி ரப்பர்தான்.

உறைந்த பறவையை இளக்குவதற்கு வேளாண்மைத் துறை தரும் கணக்கு, குளிர்பதனப் பெட்டியில் நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பதாகும். அதாவது திங்கள் இரவு உப்பிட வேண்டுமானால், 14 பவுண்டுப் பறவை ஃப்ரீசரிலிருந்து வெள்ளிக்கிழமையன்றே கீழ்த்தட்டுக்கு இறங்க வேண்டும். மறந்தவர்கள் உறையோடு குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொருமுறை நீரை மாற்றிக்கொண்டு, பவுண்டுக்கு அரை மணி வீதம் காத்திருக்கலாம். இரவெல்லாம் சமையல் மேடைமேல் வைத்துவிடும் பழக்கம் கைவிடத் தக்கது. உள்ளே பனியாக இருக்கும்போதே வெளித்தோல் நுண்ணுயிர் பெருகும் வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. இளகிய பறவையைக் குழாயடியில் கழுவுவதும் கூடாது. கோழியை மஞ்சளிட்டுக் கழுவியே பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது உறுத்தலாகவே இருக்குமென்றாலும், தெறிக்கும் நீர்த்துளிகள் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகிய நுண்ணுயிர்களைத் தொட்டியிலும் அருகிலுள்ள காய்கறியிலும் பரப்புகின்றன என்பதும், அவற்றைக் கொல்வது நெருப்பே என்பதும் மறுக்க முடியாதவை.

உப்பிடுதலே இத்தொழிலின் உயிர்நாடி. வாளி நிறைய உப்புநீரில் பறவையை ஊறவைக்கும் முறை ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்தது. கறி ஈரமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஏறிய ஈரத்தில் பெரும்பகுதி குழாய்நீர் என்பதால் சுவை நீர்த்தும், தோல் சொதசொதத்தும் போகும். சான்பிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபே உணவகத்தில் ஜூடி ராட்ஜர்ஸ் கோழிக்குக் கையாண்ட உலர் உப்பிடலை, 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதழின் ரஸ் பார்சன்ஸ் வான்கோழிக்குப் பொருத்திக்காட்டியபின் நிலைமை மாறியது. ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் பரலான கோஷர் உப்பை (மேசை உப்பானால் அதில் ஏறத்தாழப் பாதி) பறவை மேலெங்கும், நெஞ்சிலும் தொடையிலும் சற்றுக் கூடுதலாகத் தூவி, திங்கள் இரவே மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உப்புக்கண்டம் போட்டுப் பழகியவர்களுக்கு முதற்கட்டம் தெரிந்ததுதான்: உப்பு சதையின் நீரை வெளியே இழுத்துத் தோல்மீது முத்துமுத்தாக நிறுத்துகிறது. இங்கே வெயிலும் காற்றும் இல்லாததால் அந்த நீர் ஓடிவிடாமல் உப்பைக் கரைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போகிறது. போன உப்பு தசைநாரின் புரதத்தைத் தளர்த்துவதால், சூடேறும்போது நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றும் அளவு குறைகிறது. புதன் இரவு மூடியை நீக்கிவிட்டால் காலைக்குள் தோல் தொட்டால் காகிதம்போல் உலர்ந்துவிடும். மொறுமொறுப்புக்கு அதைவிடச் சிறந்த முன்னேற்பாடு இல்லை.

உப்பு ஏறும் ஆழத்துக்கு மசாலா ஏறுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வான்கோழிக்குத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் பூசிச் சுடுகின்றன. தோலின் மேல் பூசிய மசாலா நெடுநேரச் சூட்டில் கருகிக் கசக்கிறது. நெஞ்சின் தோலைக் கையால் மெல்லப் பிரித்து, தோலுக்கும் சதைக்கும் இடையில் மசாலாவைத் தடவி, வெளியே எண்ணெய் மட்டும் பூசினால் அக்குறை நீங்கும். விழுதில் சேரும் உப்பைத் தூவும் உப்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி, சமைப்பவர் எதிர்கொள்ளும் மெய்யான சிக்கலுக்கு வரலாம். வான்கோழி பார்வைக்கு ஒன்றாயினும், அடுப்பைப் பொறுத்தவரை இரு வேறு இறைச்சிகள். நாள் முழுவதும் நடக்கும் காலின் தசையில் உயிர்வளியைத் தேக்கும் மயோகுளோபின் என்னும் நிறமி மிகுந்திருப்பதால் அது கருஞ்சிவப்பு. தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதமும் அதில் மிகுதி. அப்புரதம் கரைந்து பசைத்தன்மை பெறும்போதுதான் தொடைக்கறி உண்ணத்தக்கதாகிறது; அதற்கு 175 டிகிரி பாரன்ஹீட் (சுமார் 80 செல்சியஸ்) வேண்டும். பறக்காத பறவையின் நெஞ்சோ வெளிர் தசை. 165 டிகிரியைத் (74 செல்சியஸ்) தாண்டிய ஒவ்வொரு டிகிரியிலும் அது பஞ்சாகிக்கொண்டே போகும். முழுப் பறவையை மல்லாத்திச் சுடும்போது கூடுதல் சூடு வேண்டிய தொடை அடியில் ஒளிந்திருக்க, குறைந்த சூடு வேண்டிய நெஞ்சு மேலே நெருப்புக்கு நேர்முகமாக இருக்கிறது. சாற்றை அள்ளி அள்ளி மேலே ஊற்றுவதும், துணி போர்த்துவதும், கவிழ்த்துப் போட்டுப் பாதியில் புரட்டுவதும் இந்த ஒரு முரணைச் சமாளிக்கக் கண்ட வழிகளே. இவற்றில் சாறு ஊற்றுவது ஒரு பயனும் தராது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அடுப்பின் சூடு இறங்கித் தோலும் நனைகிறது. சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹரால்ட் மெக்கீ கையாளும் தந்திரம் மேலானது: சுடுவதற்கு முன் பறவையை வெளியே எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் நெஞ்சின்மேல் மட்டும் பனிக்கட்டிப் பைகளை வைத்து, தொடையைவிட நெஞ்சு குளிர்ந்த நிலையில் அடுப்புக்குள் போகச் செய்வது.

முரணை அடியோடு தீர்ப்பது பறவையை விரித்துச் சுடுவதாகும். வலுவான கத்தரியால் முதுகெலும்பின் இருபுறமும் வால் முதல் கழுத்து வரை வெட்டி எலும்பை எடுத்துவிட்டு, பறவையைத் திருப்பிப் போட்டு, இரு உள்ளங்கையையும் நெஞ்செலும்பில் வைத்து முழு எடையோடு அழுத்தினால், ‘நெறுக்’ என்ற ஒலியோடு அது தட்டையாகும். தொடைகள் இரண்டும் ஓரங்களுக்கு வந்து சூட்டை நேராக வாங்குவதால், நெஞ்சு 165-ஐ நெருங்கும்போது அவை 175-ஐத் தாண்டிவிடும்; 450 டிகிரி அடுப்பில் 12 முதல் 14 பவுண்டுப் பறவைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகும். முழுதாக 325 டிகிரியில் சுட்டால் இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எடுத்த முதுகெலும்பு, கழுத்து, இதயம் ஆகியவற்றை வெங்காயத்தோடு கொதிக்கவிட்டால் குழம்புச்சாற்றுக்கு எலும்புச்சாறும் அப்போதே தயாராகிவிடும். கல்லீரலை மட்டும் அதில் சேர்க்கக்கூடாது, கசக்கும். மேசை நடுவே முழுப் பறவை வீற்றிருக்க வேண்டும் என்று பாட்டனார் பாட்டிமார் விரும்பும் வீடுகளில் இம்முறைக்கு எதிர்ப்பு வரும். ஒரு முறை உண்டபின் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

வயிற்றுக்குள் ரொட்டித்துண்டும் மூலிகையும் திணித்துச் சுடும் ‘ஸ்டஃபிங்’ வழக்கத்தைத் தொழிலில் உள்ளோர் ஊக்குவிப்பதில்லை. பச்சைச்சாறு இறங்கிய அந்தக் கலவையின் நடுப்பகுதியும் 165 டிகிரியை எட்டியாக வேண்டும். அதுவரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி வீணாகும். தனிப் பாத்திரத்தில் சுட்டால் மேல்புறம் மொறுமொறுப்பாகவும் இருக்கும். எண்ணெயில் முழுதாகப் பொரிக்கும் லூசியானா வழக்கம் சுவையானதே. ஆனால் சரியாக இளகாத பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கி வீட்டைக் கொளுத்திக்கொள்வோர் இருப்பதால், அது வீட்டுக்குத் தள்ளி, திறந்தவெளியில், அறிந்தவர் கையால் நடக்க வேண்டியது.

வெந்ததா என்பதைக் கடிகாரமோ, பறவையில் குத்தி விற்கும் தானே மேலெழும் பிளாஸ்டிக் முள்ளோ சொல்லாது. அம்முள் எழும் நேரத்துக்குள் நெஞ்சு உலர்ந்திருக்கும். வெப்பமானியின் முனையை நெஞ்சின் தடித்த இடத்திலும், எலும்பைத் தொடாமல் தொடையின் உட்புறத்திலும் செருகிப் பார்ப்பதே வழி. வேளாண்மைத் துறை 2006 முதல் கூறும் 165 டிகிரி என்பது நுண்ணுயிர் நொடியில் மடியும் அளவு. 150 டிகிரியிலும் சில நிமிடம் நின்றால் அதே பலன் கிடைக்கும் என்பதால், தேர்ந்த சமையற்காரர்கள் நெஞ்சு 157-ஐ எட்டியதுமே வெளியே எடுத்து, உள்ளிருக்கும் சூடே மீதியை முடிக்க விடுகின்றனர். முதியவரோ கருவுற்றவரோ பந்தியில் இருந்தால் 165-ஐயே கொள்வது முறை. எலும்பருகே இளஞ்சிவப்பு தெரிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; இளம்பறவையின் எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறமி அது, வெப்பமானி சரியென்றால் கறியும் சரி.

எடுத்த பறவை அரை மணி நேரம் தொடப்படாமல் இருக்க வேண்டும். அதற்குள் தட்டில் வடிந்த கொழுப்பில் கோதுமை மாவைப் பொன்னிறமாக வறுத்து எலும்புச்சாற்றை ஊற்றிக் கிளறினால் குழம்புச்சாறு முடிந்துவிடும். வெட்டுகையில் மேசைமேல் பறவையின் நெஞ்சைத் துண்டுதுண்டாகச் சீவுவது படங்களில் காணும் முறை. கடைக்காரர் வெட்டும் முறை வேறு. முதலில் தொடையை வெளிப்புறமாகச் சாய்த்து, மூட்டு பிதுங்கித் தெரியும் இடத்தில் கத்தியை விட்டுக் காலை முழுதாகக் கழற்ற வேண்டும். பின் நெஞ்செலும்பின் ஒரு பக்கத்தை ஒட்டியே கத்தியை இறக்கி, விலா எலும்பின் வளைவோடு போய், நெஞ்சுக்கறியை ஒரே கட்டியாக எடுத்துப் பலகையில் கிடத்தி, நாருக்குக் குறுக்காகத் தோலோடு வெட்ட வேண்டும். கழுத்தடியில் இருக்கும் கவட்டை எலும்பைச் சுடுவதற்கு முன்பே அகழ்ந்து எடுத்திருந்தால் கத்தி எங்கும் முட்டாது. முதுகை எடுக்காமல் முழுதாகச் சுட்ட பறவையில், இடுப்பருகே முதுகெலும்பின் குழிவில் இருபுறமும் கட்டைவிரல் அளவில் ஒரு கறித்துண்டு உண்டு. பறவையிலேயே சிறந்த கறி அதுதான், பெரும்பாலும் வெட்டுபவர் வாய்க்கே அது போய்ச் சேருகிறது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்துக் குளிரில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். பாரம்பரிய இனத்தையோ 12 பவுண்டுக்குட்பட்ட பெட்டையையோ விரும்புவோர் செப்டம்பரிலேயே பண்ணையிடமோ கடையிடமோ சொல்லி வைத்துவிடுவது நல்லது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் வந்து கேட்போருக்குக் கடையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் எவரும் வேண்டாத அந்த 22 பவுண்டுச் சேவல்தான்.